எடை காட்டாத வெள்ளிக்கிழமை

மூலையில் ஏதாவது மினுக்கிக்கொண்டிருந்தால் கருத்தக்கண்ணனுக்குப் பொறுக்காது. வியாழக்கிழமை சாயங்காலம் எடை மேடை அறைக்குள் நுழைந்தவர் கம்ப்யூட்டரை முறைத்துப் பார்த்தார்.

"ஏலே மதன், அந்த மூலைல ஒரு வாரமா என்னமோ செவப்பா மினுக்குது. என்னன்னு பாத்து எடுத்து விடுலே."

மகன் எட்டிப் பார்த்தான். "அப்டேட்டுப்பா. லினக்ஸ்ல புது வெர்ஷன் வந்திருக்கு."

"வந்தா போட வேண்டியதுதான? நாளைக்குன்னு எதுக்கு வைக்கணும்?"

போட்டான். இரண்டு மணி நேரம் என்னென்னவோ இறங்கியது, அணைந்தது, மறுபடி எழுந்தது. மினுக்கல் போய்விட்டது. அப்பாவுக்கும் திருப்தி, மகனுக்கும் திருப்தி.

போடுவதற்கு முன்னால், அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் தினமும் பத்து மணி நேரம் உட்காருகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. இந்த வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது!

இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

தேவாரத்திலிருந்து போடி போகிற ரோட்டில் இருக்கிறது கருத்தக்கண்ணன் எடை மேடை. மேடையில் வண்டி ஏறி நின்றால் அறைக்குள் இருக்கும் எடைப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் எடை விழும். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் சீட்டு அடித்துக் கொடுக்கும்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் கருத்தக்கண்ணனின் மகள் ஓவியா. வயது இருபத்தாறு. பிறவியிலேயே கண் தெரியாது. பி.ஏ. முடித்திருக்கிறாள். மதுரையில் ஒரு டிரஸ்டில் எழுதிக் கொடுத்து, ஒன்றரை வருஷம் காத்திருந்து, பிரெயில் கருவி ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். திரையில் வரும் எழுத்து அதில் புள்ளி புள்ளியாக மேலெழும்பும், விரலால் தடவிப் படிப்பாள். வீட்டில் அதற்குப் பெயர் புள்ளிப் பெட்டி. எடையைப் படித்ததும் மைக்கில் சொல்வாள். வெளியே கம்பத்தில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கும்.

"அந்தப் பிள்ளைக்கு யாரு வண்டின்னே தெரியாதுய்யா. அது எங்கன ஆள் பாத்து எடை போடப் போகுது?" என்று கோம்பை, பண்ணைப்புரத்திலிருந்தெல்லாம் இங்கே வருகிறார்கள். எஞ்சின் சத்தத்தை வைத்தே ஓவியாவுக்கு எல்லா வண்டியும் தெரியும். அது வேறு விஷயம், வெளியே சொல்லிவிடாதீர்கள்.

அவள் அண்ணன் மதன்குமார் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். மூன்று வாரம் லீவு போட்டு வந்திருப்பதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். லீவும் இல்லை, ஒன்றும் இல்லை. நவம்பரிலேயே வேலை போய்விட்டது. அது அவன் மனைவி மகாலட்சுமிக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும்.

அம்மா இருளம்மாள் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருக்கிறாள். சனிக்கிழமை இறங்குகிறாள். அவள் வந்ததும், ஓவியாவை வீட்டில் உட்காரவைத்துவிட்டு எடை மேடையில் மகாலட்சுமியை உட்காரவைப்பது பற்றிப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று கருத்தக்கண்ணன் சொன்னதும், ஓவியா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதும் போன வாரத்துக் கதை.

இனி வெள்ளிக்கிழமை.

காலை ஏழு மணிக்கு முதல் வண்டி ஏறியது. ஓவியா விரலை வைத்தாள். எண் வரவேண்டிய இடத்தில் 'போர்ட் இல்லை' என்று வந்தது. எடைப் பெட்டியின் வயர் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். மறுபடி வைத்தாள். போர்ட் இல்லை.

"அப்பா, எடை வரலப்பா."

"வராம எங்க போகும்? பெட்டில தெரியுதே, நல்லா பளிச்சுன்னு."

"பெட்டில தெரியுது, கம்ப்யூட்டருக்கு வரல."

கருத்தக்கண்ணன் தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தார். வண்டியை இறக்கி மறுபடி ஏறச் சொன்னார். மேடைக்கு அடியில் குச்சியை விட்டுக் கிளறினார். வயரைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்துச் செருகினார். அதுவும் சரிப்படாமல் தேவாரத்துக்கு ஆள் அனுப்பிக் கடைக்காரரை எழுப்பிப் புது வயர் வாங்கிவரச் செய்தார். புது வயரும் அதே லட்சணம்தான்.

எடைக்கான மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் தேனியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த கர்ணன். இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அங்க இப்ப விடிஞ்சிருக்காதுப்பா" என்றான் மதன்.

"விடியலேன்னா எந்திரிக்க மாட்டானா? இங்கன ஒம்போது வண்டி நிக்குதுலே!"

"நேத்து அப்டேட் போட்டதுனாலதான் அண்ணே இது" என்றாள் ஓவியா.

"ஆமா, என்ன நடந்தாலும் என் தலையில போடு. அப்டேட் போட்டா நல்லாத்தான் ஆகும், கெட்டா போகும்?"

"நல்லா ஆயிருக்கே, பாத்தல்ல."

எட்டு மணிக்குமேல் பொறுக்க முடியாமல் கருத்தக்கண்ணன் ஒரு நோட்டை எடுத்து மகன் கையில் கொடுத்தார். பெட்டியைப் பார்த்துப் படி, நோட்டில் எழுது, சீட்டை அப்புறம் அடித்துக்கொள்ளலாம். எடைப் பெட்டியின் சிவப்பு எழுத்து ஓவியாவுக்கு உதவாது. அவள் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் நின்றாள்.

நான்காவதாக ஏறியது சுப்புத்தாயின் மக்காச்சோள டிராக்டர். சுப்புத்தாய்க்கு ஐம்பது வயது, சொந்தமாக நாலு ஏக்கர், வாயும் சொந்தம்தான். மதன் பெட்டியைப் பார்த்தான், மைக்கில் சொன்னான்.

"ஆறாயிரத்து நானூத்தி எம்பது."

டிராக்டர் மேலேயிருந்து குதித்து, நேரே அறைக்குள் வந்துவிட்டாள் சுப்புத்தாய். "எங்க, காமி. எந்தப் பெட்டி? இதா? தம்பி, இது என்ன நம்பரு?"

மதன் மறுபடி பார்த்தான். ஆறு, எட்டு, நான்கு, பூஜ்யம்.

"ஆறாயிரத்து எண்ணூத்தி நாப்பது" என்றான், குரல் இறங்க.

"எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ நானு. முந்நூத்தி அறுவது கிலோவ வாயிலயே முழுங்கிட்டியே! ரெண்டு வருசமா இங்கன போடுறேன், அந்தப் பிள்ளை ஒரு கிலோ மாத்திச் சொன்னது இல்ல. கண்ணு ரெண்டையும் வச்சுக்கிட்டு நீ இப்படிச் சொல்றியேய்யா!"

"தெரியாம நடந்துபோச்சு, விடு தாயி" என்று கருத்தக்கண்ணன் நடுவில் வந்தார்.

"தெரியாம நடந்ததை நான் தெரிஞ்சுக்கிட்டேன். மத்தவுக வண்டிக்கெல்லாம்?"

அவ்வளவுதான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அறைக்குள் வந்துவிட்டார்கள். முதல் மூன்று வண்டியும் திரும்ப எடை போடவேண்டும் என்றார்கள். அதில் ஒரு வண்டி ஏற்கெனவே உத்தமபாளையம் தாண்டிவிட்டது.

மதனுக்கு முகம் சிவந்து போயிற்று. நோட்டை வீசிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். எதையோ சாதித்தே தீரவேண்டும் என்ற வேகம். இரண்டு வாரமாக வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளைக்கு வருமே, அந்த வேகம். இணையத்தில் தேடினான். நடுவில் தன்னுடைய மெயிலையும் ஒருதரம் திறந்து பார்த்தான். எந்த நிமிஷமும் நல்ல செய்தி வரும் என்று இரண்டு மாதமாக அவன் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். பார்த்ததும் இன்னும் சுருங்கிப்போனான். மறுபடி தேடலுக்கு வந்தான்.

பத்தரை மணிக்கு, "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினான்.

லினக்ஸ் பற்றிப் பேசும் ஒரு தளத்தில் விஷயம் இருந்தது. புது வெர்ஷனில் ஒரு மென்பொருள் எடைப் பெட்டியின் வயரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதை நீக்கிவிட்டால் வயர் விடுபட்டுவிடும். ஒரே ஒரு வரி கட்டளை. நூற்று எழுபது பேர் 'எனக்கும் இதனால்தான் சரியானது' என்று போட்டிருந்தார்கள்.

மதன் அந்த ஒரு வரியை அடித்தான். வயரைப் பிடுங்கிச் செருகினான். திரையில் எடை வந்தது. சீட்டு அடித்தது. கருத்தக்கண்ணன் மகனின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"இதுக்குத்தான் படிச்ச பிள்ளை வீட்ல இருக்கணும்ங்கிறது! சென்னைல எத்தனை பேரைக் கட்டி மேய்க்கிறான், இது அவனுக்கு எம்புட்டு?"

மதன் சிரித்தான். மகாலட்சுமி அப்போதுதான் காலைச் சாப்பாட்டோடு உள்ளே வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

ஓவியா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். விரலை வைத்தாள்.

ஒரு புள்ளிகூட எழவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள். அணைத்துப் போட்டாள். வழுவழுவென்று வெறும் பலகையாகக் கிடந்தது.

"அண்ணே, நீ எடுத்த மென்பொருளுக்குப் பேரு என்ன?"

மதன் சொன்னான்.

ஓவியா கையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். பிறகு, "அதுதான் என் புள்ளிப் பெட்டியை ஓட்டுறது" என்றாள்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? நூத்தி எழுவது பேரு அதைத்தான் எடுக்கச் சொல்லிப் போட்டிருக்கான்."

"அந்த நூத்தி எழுவது பேருக்கும் கண்ணு தெரியும் அண்ணே. தேவையில்லைன்னு தூக்கிப் போட்டுட்டாக. நீ என்னையக் கேட்டிருக்கலாம்ல? ரெண்டடி தள்ளித்தான நின்னேன்?"

"கேட்டுக்கிட்டு நிக்க நேரமா இருந்துச்சு? வண்டி நிக்குது, ஆளாளுக்குக் கத்துறாக!"

"அதைத் திருப்பிப் போடு."

"திருப்பிப் போட்டா எடை போயிரும்!"

கருத்தக்கண்ணன் கையை உயர்த்தினார். "யாரும் எதையும் போட வேணாம். ஓடுற மிஷினைத் தொடக்கூடாது. வந்தது வந்தபடி இருக்கட்டும். மகா, நீ உக்காரு ஆத்தா. ஓவியா, நீ செத்த நேரம் வெளிய காத்தாட உக்காரு தாயி."

"அப்பா, பத்து நிமிசம் குடுங்க. என்னன்னு நான் பாக்குறேன்."

"நீ எப்படிம்மா பாப்ப?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மகள்மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன்தான். ஆனால் பாசம் வைத்திருக்கிறவர்கள் பேசுகிற பேச்சு சில நேரம் சுருக்கென்று குத்தும். அதற்கு என்ன பதில் சொல்வது? பதில் சொன்னால் கோபக்காரி, சொல்லாவிட்டால் பாவம்! ஓவியா எழுந்து வெளியே வந்து, வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மகாலட்சுமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு இந்த வேலையே வேண்டாம். பி.காம். முடித்தவள், சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மனு போட்டிருக்கிறாள். அதை யாரிடம் சொல்ல முடியும்? புருஷன் வேலையை மறைப்பதிலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்க்கொண்டிருந்தது. மைக்கில் எடையைச் சொன்னாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"யாரு பேசுறது? பாப்பா எங்க?" என்று வெளியே ஒரு குரல் கேட்டது. அது ஜெபராஜ். போடிக்காரர், இருபது வருஷமாகக் குமுளி ஏறி இறங்கும் லாரி டிரைவர். லோடு தேங்காயோடு வரிசையில் ஏழாவதாக நின்றார். மரத்தடியில் ஓவியாவைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"என்ன பாப்பா, இங்கன உக்காந்துருக்க? ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன் மாமா. எங்க வீட்டு ஆளுகளுக்குத்தான் முடியல."

ஜெபராஜ் சிரித்துவிட்டு டீக்கடைக்கு நடந்தார். அங்கே ஏற்கெனவே மதன் உட்கார்ந்திருந்தான், சாதித்த களைப்பில்.

ஓவியா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. செல்போனை எடுத்து ஒரு காதில் இயர்போனை மாட்டினாள். அண்ணன் சொன்ன அதே தளத்துக்குப் போனாள். போன் வாசித்தது. அண்ணன் முதல் பதிலோடு நிறுத்திவிட்டான். அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது, பத்தாவது, முப்பதாவது... எல்லாரும் நீக்கு நீக்கு என்றுதான் போட்டிருந்தார்கள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பத்து மூன்றாவது பதிலில் ஒருவர் எழுதியிருந்தார்: 'நானும் பார்வை இல்லாதவன். தயவுசெய்து நீக்காதீர்கள்.'

விஷயம் இவ்வளவுதான். எடைப் பெட்டியின் வயரில் ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்புக்கு ஒரு நம்பர். ஏதோ ஒரு பிரெயில் கருவியின் வயரிலும் அதே நம்பர் சிப்தான். புது வெர்ஷனில் வயரைச் செருகியதும் இந்த மென்பொருள், 'நம்ம பெட்டி வந்துவிட்டது' என்று பிடித்துக்கொள்கிறது. அதன் பட்டியலில் அந்த ஒரு நம்பர் வரியை மட்டும் முடக்கினால் போதும். எடையும் வரும், புள்ளியும் வரும்.

ஒரு ஓட்டையை அடைப்பதற்கு வீட்டையே இடித்திருக்கிறான் அண்ணன்!

ஓவியா எழுந்து அறைக்குப் போனாள். ரோட்டுப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது. முன்னே பின்னே நகரமாட்டேன் என்ற ஒரு டிராக்டர்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"மதினி, ஒரு பத்து நிமிசம் எந்திரிங்க."

மகாலட்சுமி ஜன்னல் வழியே பார்த்தாள். "மாமா பாத்தாகன்னா கத்துவாக."

"கத்தட்டும்."

"எடை போயிருச்சுன்னா?"

"போனா நான் பொறுப்பு. இன்னைக்கு இதை விட்டேன்னா நாளைக்கு அம்மா வந்ததும் பேசி முடிச்சிருவாக மதினி. பெறகு இந்த நாற்காலி எனக்கு இல்ல."

மகாலட்சுமி எழுந்து, வாசலில் போய்க் குறுக்காக நின்றுகொண்டாள்.

புள்ளிப் பெட்டி செத்துக் கிடக்கிறது. கம்ப்யூட்டர் என்ன காட்டுகிறது என்று தெரியவேண்டுமானால் அதைப் பேசவைக்கவேண்டும். லினக்ஸில் அந்த வசதி உண்டு, லாரி இரைச்சலில் காது கேட்காது என்று ஓவியா அதை அணைத்து வைத்திருந்தாள். இப்போது கீபோர்டில் இரண்டு மூன்று பட்டன்களை அமுக்கி எழுப்பினாள்.

ஒன்றை அவசரத்தில் மறந்துவிட்டாள். கம்ப்யூட்டரின் சத்தம் போகிற வயரை அப்பா எப்போதோ மைக் பெட்டியோடு சேர்த்து டேப் சுற்றி வைத்திருக்கிறார். பேச்சு கம்பத்தின் குழாய் ஸ்பீக்கரில் வெடித்தது!

கடகடகடவென்று, மூச்சு விடாமல், உலோகக் குரலில் இங்கிலீஷ். ஓவியா கல்லூரி நாளிலிருந்து இப்படித்தான் கேட்பாள். நாம் ஒரு வரி கேட்கிற நேரத்தில் அவளுக்கு ஐந்து வரி ஓடவேண்டும். பழகாதவர்கள் காதுக்கு அது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி இருக்கும்.

"என்னய்யா இது, மலையாளமா?" என்றார் ஒருவர்.

"மலையாளம்னா எனக்குத் தெரியாதா? இது அது இல்ல" என்றார் டீக்கடை வாசலில் நின்ற ஜெபராஜ்.

அவசரத்தில் அமுக்கிய பட்டனில், எடைத் திரைக்குப் பின்னால் மூடாமல் கிடந்த ஒன்று முன்னால் வந்துவிட்டது, குரல் அதை வாசித்தது. அது மதன்குமாரின் மெயில். தமிழில் சொன்னால் இப்படி:

'அன்புள்ள மதன்குமார், தாங்கள் நவம்பர் மாதம் முந்தைய நிறுவனத்திலிருந்து விடுவிக்கப்பட்டதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்தோம். தற்போது வாய்ப்பளிக்க இயலாததற்கு வருந்துகிறோம்.'

நான்கு நொடிகூட இருக்காது. தேவாரம் ரோட்டில் நின்ற முப்பது பேர் காதிலும் அது விழுந்தது. புரிந்தது ஒருத்திக்கு மட்டும்.

ஓவியாவின் கை நின்றுவிட்டது. அண்ணனுக்கு வேலை இல்லை! நவம்பரிலிருந்து இல்லை. போன் வராத அண்ணன், லேப்டாப்பைத் திறக்காத அண்ணன், எல்லாவற்றிலும் வந்து கை வைத்துக்கொண்டே இருந்த அண்ணன். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. 'வேலை போனா போகட்டும், அதுக்கு என் வேலையா கெடச்சது ஒனக்கு?' என்று கத்தவேண்டும்போல இருந்தது.

கத்த நேரமில்லை. மெயிலை மூடினாள். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தாள். கட்டளை அடிக்கும் திரையைத் திறந்து, நீக்கிய மென்பொருளைத் திரும்ப இறக்கினாள்.

மதன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அந்தக் கடகடப்பில் அவன் காதில் ஒரே ஒரு வார்த்தை பிடிபட்டிருந்தது, அவன் பெயர். வாசலில் மனைவி நின்றாள். அவள் தோளுக்கு மேலே தங்கையைப் பார்த்தான்.

"ஓவியா... அது என்ன வாசிச்சுச்சு?"

"இப்ப பேச்சுக் குடுக்காத அண்ணே. வயரைப் பிடுங்கு."

பிடுங்கினான்.

ஓவியா பட்டியலைத் திறந்தாள். வரி வரியாக இறங்கினாள். அந்த நம்பர் வந்ததும் நிறுத்தி, வரியை முடக்கினாள். அத்தோடு விடவில்லை. பட்டியலை இன்னொரு இடத்திலும் நகல் எடுத்து வைத்தாள். அடுத்த அப்டேட் வந்தாலும் அந்த நகல்தான் செல்லும். அப்பா எந்த மினுக்கலைப் பார்த்து எந்தப் பிள்ளையை அமுக்கச் சொன்னாலும் சரி.

"இப்ப செருகு."

செருகினான். அவள் விரல்களுக்கு அடியில் புள்ளிகள் சடசடவென்று எழுந்தன. போர்ட் கிடைத்தது. எடை பூஜ்யம்.

"வண்டியை ஏத்தச் சொல்லுங்க மதினி!"

ஜெபராஜின் லாரி ஏறியது. ஓவியா தடவினாள், மைக்கைப் பிடித்தாள். "இருபத்தோராயிரத்து நானூத்தி இருபது." சீட்டு அடித்தது. வெளியே யாரோ, "ஆங், இது நம்ம பாப்பா" என்றார்கள்.

கருத்தக்கண்ணன் துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார். "யாரு தொடச் சொன்னா? ஓடுற மிஷினை யாரு தொடச் சொன்னா?"

"ஓடுதுப்பா. எடையும் வருது, என் பெட்டியும் வேலை செய்யுது. பாருங்க."

பார்த்தார். சீட்டைப் பார்த்தார், எடைப் பெட்டியைப் பார்த்தார், இரண்டும் ஒன்றாக இருந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நானும் இந்த இடத்தில் எதிர்பார்த்தேன்.

"சரி, வந்திருச்சுல்ல. இப்ப எந்திரி தாயி. மகா உக்காரட்டும்."

"எதுக்கு?"

"எதுக்கா? இன்னைக்கு வந்த மாதிரி நாளைக்கும் வரும். ஒவ்வொரு தடவையும் நீ இதுகூட மாரடிச்சுக்கிட்டு இருப்பியா? நாளைக்கு அம்மா வந்ததும் பேசிருவோம். மதன் ஊருக்குப் போறதுக்குள்ள மகாவுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துருவான்."

"இன்னைக்கு வந்ததே அவனாலதான்ப்பா."

"அண்ணனைக் குத்தம் சொல்லாத!" கருத்தக்கண்ணன் சத்தத்தை ஏற்றினார். "அவனுக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு. கம்பெனில கெஞ்சி லீவு வாங்கிட்டு வந்து நமக்காக உக்காந்துருக்கான். ஒரு உத்தியோகத்துல இருக்கிறவன் சொல்றதை வீட்ல இருக்கிறவ கேக்கணும்."

மதன் தங்கையையே பார்த்தான். ஒரு வார்த்தை போதும். அவள் வாயைத் திறந்தால் இந்த நிமிஷமே அவள் ஜெயித்துவிடுவாள், அவன் அப்பா முகத்தில் இனி எப்போதும் விழிக்க முடியாது.

ஓவியா வாயைத் திறந்தாள்.

"நான் எந்திரிக்க மாட்டேன்ப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"என்ன பிடிவாதம் இது? ஏலே மதன், நீ சொல்லுலே, ஒரு வேலைல இருக்கிறவன்..."

"அப்பா, விடுங்கப்பா."

"நீ சும்மா இரு. படிச்ச பிள்ளை நீ பொறுத்துப் போற..."

"எனக்கு வேலை இல்லப்பா!"

கருத்தக்கண்ணன் மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"லீவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நவம்பர்லயே அனுப்பிட்டாக. இருபத்தஞ்சு எடத்துக்கு எழுதிப் போட்டுட்டேன். இங்கனயாவது எதாவது செஞ்சு காட்டலாம்னுதான் அப்டேட் போட்டேன். அதுலயும் கெடுத்து வச்சுட்டேன். சரி பண்ணுனது அவ. அவளே உக்காரட்டும்ப்பா."

கருத்தக்கண்ணன் கையிலிருந்த சீட்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. மகனைப் பார்க்க முடியாமல் மகள் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குத் தெரியுமா தாயி?"

"செத்த முன்னாடிதான் தெரியும்ப்பா."

"பெறகு ஏன் சொல்லல? நான் இம்புட்டு ஏசுறேன், வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அவன் வேலையைப் பத்தி அவன்தானப்பா சொல்லணும்" என்றாள் ஓவியா. விரலைப் புள்ளிகளிலிருந்து எடுக்கவில்லை. "என் வேலையைப் பத்தி மட்டும் ஏன் என்னைய விட்டுட்டு எல்லாரும் சொல்றீக?"

வெளியே அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. கருத்தக்கண்ணன் மெல்லத் திரும்பி, வாசலில் இன்னும் குறுக்காக நின்றுகொண்டிருந்த மருமகளைப் பார்த்தார்.

"ஆத்தா மகா... ஒனக்கு எப்ப தெரியும்?"